சீட்டைக் கலைக்கும் முன் ஒரு வார்த்தை



சீட்டு என்றதும் ஏலச்சீட்டைப் பற்றியோ, கடை சாத்திய பிறகு காசு வைத்து ஆடும் ரம்மியைப் பற்றியோ எழுதப் போகிறேன் என்று எண்ண வேண்டாம். நம் கடை வாசலில் ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சரம் தொங்குகிறதே, பத்து ரூபாய்க்கு நாலைந்து படச்சீட்டு போட்ட பொட்டலம், அந்தச் சீட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிள்ளைகள் வாங்குகிறார்கள், நாமும் விற்கிறோம். அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? நாற்பது ஆண்டுகளாகப் பள்ளிகொண்டாவில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நானும் போன வருடம் வரை கேட்டதில்லை. கேட்க வைத்தவன் என் பேரன்.

பேரன் கொண்டுவந்த கட்டு

மே விடுமுறைக்கு மகள் வழிப் பேரன் பெங்களூரிலிருந்து வந்தான். பத்தாம் வகுப்பு முடித்தவன். பையில் துணியைவிடச் சீட்டுக்கட்டு அதிகம். "இது மேஜிக், தாத்தா" என்றான். செப்பிடு வித்தை காட்டப் போகிறான் என்று நினைத்து நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, ஆட்டத்தின் பெயரே மேஜிக்.

நம் ஐம்பத்திரண்டு சீட்டு போல எல்லாருக்கும் பொதுவான கட்டு இதில் கிடையாது. ஆளுக்கு ஒரு கட்டு, அவரவர் வாங்கிச் சேர்த்து அவரவரே அடுக்கியது. அவன் ஆடுகிற வகைக்குக் கமாண்டர் என்று பெயர். ஒரு கட்டில் நூறு சீட்டு. அதில் ஒன்று தளபதி. அடிப்படை நிலச்சீட்டு தவிர மற்றச் சீட்டுகள் பொதுவாக இரண்டு முறை வரக்கூடாது. பெரும்பாலும் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்கள். ஒவ்வொருவருக்கும் நாற்பது உயிர். கடைசி வரை உயிரோடு இருப்பவர் வென்றவர்.

அவனிடம் பல கட்டுகள் இருந்தன. எங்கள் கணக்குப்பிள்ளை மகன், எதிர் மருந்துக்கடைக்காரர் மகன், மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் ஆகிய மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டான். மூவருக்கும் பழைய கட்டுகளைக் கொடுத்து ஆட்டமும் சொல்லிக் கொடுத்தான். முதல் நாள் கிடங்கில் ஒரே கூச்சல். இரண்டாம் நாள் பேரன் குரல் மட்டும் கேட்டது. மூன்றாம் நாள் ஒருவன்தான் வந்தான். நாலாம் நாள் யாரும் வரவில்லை.

மூட்டைத் தொழிலாளியின் மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அண்ணன் நல்லாத்தான் ஆடறாரு தாத்தா. அவரு ஒருத்தரே ஆடறாரு. நாங்க சும்மா குந்திக்கினு பாக்கறதுக்கு எதுக்கு வரணும்?" என்றான்.

பேரனைக் கேட்டால், "நான் ஏமாத்தலை தாத்தா. ரூல்படிதான் ஜெயிச்சேன்" என்றான்.

இருவர் சொன்னதும் உண்மை. அந்தப் பதிலை நான் முன்பே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதனால்தான் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பண்டல் படம்

1970-ல் நான் ஆறாம் வகுப்பு. அப்போது எங்கள் தெருவிலும் சீட்டு விளையாட்டு உண்டு. அந்தச் சீட்டுக்கு விலை கிடையாது. தீப்பெட்டிப் படம், சிகரெட் அட்டை. தரையில் வட்டம் போட்டு ஆளுக்கு இத்தனை அட்டை என்று நடுவில் வைப்போம். கோட்டுக்கு அப்பால் நின்று தட்டைக்கல்லை வீச வேண்டும். வட்டத்தை விட்டு வெளியே வருவதெல்லாம் அடித்தவனுக்கு. நாலைந்து பேர் ஆடுவோம்.

எந்த அட்டைக்கு எத்தனை மதிப்பு என்பதைத் தெருவே முடிவு செய்யும். சார்மினார் எங்கும் கிடைக்கும், அதனால் மட்டம். சிசர்ஸ் கொஞ்சம் மேல். பாசிங் ஷோ, கோல்ட் ஃப்ளேக் அதற்கும் மேல். குடியாத்தம் தீப்பெட்டிப் படங்கள் பக்கத்து ஊர்ச் சரக்கு என்பதால் ஏராளம். தூரத்து ஊர்ப் படம் வந்தால் அதற்குக் கிராக்கி. கிடைப்பது குறைந்தால் மதிப்பு ஏறும் என்ற வியாபாரப் பாடத்தை நான் அப்பாவின் கடையில் கற்கும் முன்பே அந்த வட்டத்தில் கற்றேன்.

என்னோடு ஆடியவர்களில் ஒருவன் தோல் பதனிடும் தொழிலாளியின் மகன். மெட்ராஸ் - பெங்களூர் சாலையில் லாரிகள் நிற்கும் டீக்கடைகளைச் சுற்றிப் பொறுக்குவான். ஒரு நாள் அவனுக்கு வெளிநாட்டு சிகரெட் அட்டை ஒன்று கிடைத்தது. கெட்டி அட்டை, சிவப்பும் வெள்ளையும். தெருவில் அதற்கு ஜோடி இல்லை. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்பவர்களுக்கு மட்டும் எடுத்துக் காட்டுவான்.

எனக்கு அது வேண்டும். என்னிடம் என்ன இருந்தது? அப்பாவின் கிடங்கு இருந்தது. தீப்பெட்டி டஜன் கணக்கில் பண்டலாக வரும். பண்டல் மேல் பெரிய படம் ஒன்று ஒட்டியிருக்கும். சில்லறைக் கடையில் பிரித்ததும் கிழிந்து போகும். அதனால் தெருப் பிள்ளைகள் கைக்கு அது நல்லபடியாக வந்து சேராது. எனக்கோ பிரிக்கிற பண்டலுக்கெல்லாம் ஒன்று. நனைத்துப் பக்குவமாக உரித்து நாற்பது, ஐம்பது என்று சேர்த்தேன். அவற்றை வட்டத்தில் வைத்தால் மற்றவர்கள் அதற்கு ஈடாகத் தங்களிடம் உள்ளதில் சிறந்ததை வைத்தாக வேண்டும். நான் பத்து முறை தோற்றாலும் எனக்குக் குறையாது. அவன் ஒரு முறை தோற்றால் போயிற்று. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்தச் சிவப்பு வெள்ளை அட்டை என் கைக்கு வந்தது.

நான் ஏமாற்றவில்லை. விதிப்படிதான் வென்றேன்.

அடுத்த வாரம் யாரும் ஆட வரவில்லை. என்னிடம் அட்டைகள் ஒரு டின் நிறைய இருந்தன. அவற்றை வைத்து ஆட ஆள்தான் இல்லை.

அந்த நண்பன் பிற்காலத்தில் பக்கத்துக் கிராமத்தில் சிறிய மளிகைக் கடை வைத்தான். நான் கூடுதலாகக் கடன் நாள் தருவதாகச் சொல்லியனுப்பியும் எங்களிடம் சரக்கு எடுக்கவில்லை. குடியாத்தத்திலிருந்தே எடுத்தான். ஒரு கல்யாணத்தில் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார நேர்ந்தபோது ஏன் என்று கேட்டேன். சின்ன வயதில் என்னை வாடா போடா என்றவன், சிரித்துக்கொண்டே, "உங்ககிட்ட ஆடி ஜெயிக்க முடியாதுன்னு அப்பவே தெரியுமே" என்றான். அதற்குப் பிறகு நான் சாப்பிட்டது எனக்கு நினைவில்லை.

நாலு பேரில் மூவர் தோற்பார்கள்

பேரனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் பதிலுக்கு அவனுடைய ஆட்டத்தின் கதையைச் சொன்னான். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் உருவாக்கிய மேஜிக் ஆட்டம் 1993 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது. விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற கம்பெனி வெளியிட்டது. விளையாட்டு மாநாடுகளில் ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே காத்திருப்பவர்கள் சட்டென்று எடுத்து ஆடப் பையில் அடங்குகிற ஒன்று வேண்டும் என்றுதான் கம்பெனிக்காரர் கேட்டாராம். ஆக, பிறந்ததே பொழுது போக்க.

ஆரம்பத்தில் ஆளுக்கு ஒரு சீட்டைப் பணயம் வைத்து, வென்றவர் எடுத்துக்கொள்கிற விதியும் இருந்தது. எங்கள் வட்டத்துக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? அந்த விதி பிறகு வழக்கொழிந்தது. மிகப் பலமான சீட்டுகளை அபூர்வமாகவே அச்சடித்தார்கள். ஆளுக்குச் சில பொட்டலம்தான் வாங்குவார்கள், ஒரு தெருவுக்கே ஒன்றிரண்டுதான் தேறும் என்பது கணக்கு. வாங்கியவர்களோ பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். கணித மேதையின் கணக்கையே கல்லாப்பெட்டி கவிழ்த்துவிட்டது. 1994-லேயே போட்டிகளில் ஒரு சீட்டு நாலுக்கு மேல் கூடாது, சில சீட்டு ஒன்றுக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று. 1996-ல் நியூயார்க்கில் பரிசுப் பணத்தோடு தொழில்முறைப் போட்டியே தொடங்கிவிட்டது. பொழுது போக்கப் பிறந்தது மூன்றே ஆண்டில் போட்டியாகி நின்றது.

இதற்கு மாற்றாகத்தான் கமாண்டர் வகை வந்தது. அலாஸ்காவில் ஒரு நண்பர் கூட்டம் தொடங்கியதை, போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவர்கள் வேலை முடிந்த பின் இராத்திரியில் ஆடி ஊர் ஊராகப் பரப்பினார்கள். அவர்களில் முக்கியமானவர் ஷெல்டன் மெனரி. பகலெல்லாம் அடுத்தவர் போட்டியைப் பார்த்து அலுத்தவர்கள் தாங்கள் ஆட எடுத்தது போட்டி அல்லாத ஆட்டத்தை! 2011-ல் கம்பெனியே இதற்கென்று தயார்க் கட்டுகளை விற்க ஆரம்பித்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கைக் கவனியுங்கள். இருவர் ஆடினால் ஒருவர் தோற்பார். நால்வர் ஆடினால் மூவர் தோற்றே ஆக வேண்டும். நாலு பேரும் சமபலம் என்றாலும் நாலு ஆட்டத்தில் மூன்று ஆட்டம் நீங்கள் தோற்கப் பிறந்தவர். அப்படியிருந்தும் திரும்பி வந்து உட்காருகிறீர்கள் என்றால், வெற்றியைத் தவிர வேறு ஏதோ உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். நம் தளபதி ஒரு முறையாவது பாய்ந்திருக்க வேண்டும். மூவர் சேர்ந்து பலசாலியை மடக்கியிருக்க வேண்டும். சிரிக்க ஒரு சமயம் வாய்த்திருக்க வேண்டும். நாலு பேர் ஆட்டத்தைத் தாங்குவது தோற்ற மூவரின் திருப்திதான்.

பேரன் வைத்திருந்த கட்டில் இரண்டு சீட்டு சேர்ந்துவிட்டால் சீக்கிரமே ஆட்டம் முடிந்துவிடும். முடியாவிட்டாலும் ஒரு சீட்டு இன்னொன்றை இழுக்க, அது மற்றொன்றை இழுக்க, கால் மணி நேரம் அவன் ஒருவனே ஆடிக்கொண்டிருப்பான். மற்ற மூவருக்கும் தோல்விகூட வரவில்லை, காத்திருப்புதான் வந்தது.

போட்டி ஆட்டம் தப்பா?

இப்படிச் சொன்னதும் பேரன் கேட்ட கேள்வியையும் எழுதத்தான் வேண்டும். "அப்ப வேணும்னே தோத்துப் போகச் சொல்றீங்களா தாத்தா? அது அவங்களுக்குத்தானே அவமானம்?"

நியாயமான கேள்வி. பிச்சை போட்ட வெற்றியை மானமுள்ள பிள்ளை வாங்க மாட்டான். வெல்லத்தான் ஆட்டம். தமிழ்நாட்டுப் பிள்ளை குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், பதினெட்டு வயதில், உலக சதுரங்கச் சாம்பியன் ஆனது விட்டுக்கொடுத்து அல்ல. கடுமையாகப் போட்டியிட ஆசைப்படும் பிள்ளையை அடக்கி வைப்பது பெரிய பாவம்.

ஆனால் சதுரங்கத்தில் பணக்காரனுக்கும் பதினாறு காய், ஏழைக்கும் பதினாறு காய். இந்தச் சீட்டாட்டத்தில் மூளையோடு பணப்பையும் சேர்ந்து ஆடுகிறது. போட்டி மேசையில் அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே உட்காருகிறார்கள். ஒவ்வொருவரும் தன்னால் முடிந்ததில் ஆகப் பலமான கட்டைக் கொண்டு வருகிறார். மூன்றாம் சுற்றில் ஆட்டம் முடிந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதைத் தடுக்கிற சீட்டு தன் கட்டில் ஏன் இல்லை என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறார். அதிலும் ஒரு சுகம் உண்டு. போட்டி மேசைக்கு ஒருவர் வேடிக்கைக் கட்டோடு வந்து, தான் வெல்ல முடியாத கோபத்தில் யாரோ ஒருவருக்கு வெற்றியைத் தூக்கிக் கொடுத்தால், அங்கே கெடுப்பவர் அவர்தான்.

ஆகவே பொழுதுபோக்கு உயர்ந்தது, போட்டி தாழ்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் நல்ல ஆட்டம். ஒரே மேசையில் ஒருவர் ஒன்றையும் மற்றவர் இன்னொன்றையும் ஆடுவதுதான் கெட்டது.

நம் வட ஆர்க்காட்டுத் தெருக்கூத்தில் சூது துகில் பார்க்காதவர் உண்டா? புது மண்டபம் பார்க்க வா, பொழுதுபோக்காக இரண்டு ஆட்டம் ஆடலாம் என்று அழைப்பு. தருமன் உறவு என்று நினைத்து உட்கார்ந்தான். சகுனி ராஜ்யத்தை எடுக்க உட்கார்ந்தான். பகடை உருளும் முன்பே ஆட்டம் முடிந்துவிட்டது. என்ன ஆட்டம் என்று கேட்காமல் உட்கார்ந்த தருமன் மேலும் எனக்கு வருத்தம் உண்டு.

ஏழு என்று எல்லாரும் சொல்வார்கள்

கேட்டால் போதும் என்பது எளிதாகத் தோன்றும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கமாண்டர் ஆடுகிறவர்கள் ஆட்டத்துக்கு முன் தங்கள் கட்டின் பலத்தைப் பத்துக்கு இத்தனை என்று சொல்வது நீண்ட நாள் வழக்கம். யாரைக் கேட்டாலும் ஏழு என்பார்களாம்! அது அவர்களுக்குள் ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. நமக்கு இது புதிதா? எந்த மண்டியில் போய்க் கேட்டாலும் மிளகாய் முதல் ரகம்தான்.

2024 செப்டம்பரில் இது பெரிய ரகளையாக வெடித்தது. இந்த ஆட்டத்தின் விதிகளைக் கம்பெனியைச் சேராத ஒரு சிறு குழு கவனித்து வந்தது. சாதாரண மேசைகளில் ஆட்டம் தொடங்கிய உடனே ஒருவர் எட்டாத தூரம் ஓடிவிடுகிறார் என்பதை முக்கியக் காரணமாகச் சொல்லி அந்தக் குழு நாலு சீட்டுகளைத் தடை செய்தது. அவற்றில் சில ஆயிரக்கணக்கான ரூபாய் விலை போனவை. ஒரே இரவில் விலை சரிந்தது. சேர்த்து வைத்தவர்களும், ஸ்டாக் வைத்திருந்த கடைக்காரர்களும் கொதித்தார்கள். குழுவினருக்கு மிரட்டல்கள் வந்தன. ஒரு வாரத்துக்குள் அவர்கள் பொறுப்பைக் கம்பெனியிடமே ஒப்படைத்து விலகினார்கள். விளையாட்டுச் சீட்டுக்குக் கொலை மிரட்டலா என்று நாம் சிரிக்கலாம். கிடங்கில் சரக்கு இருக்கும்போது ராத்திரியோடு ராத்திரியாக விலை இறங்கினால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் நாம். மிரட்டலை மன்னிக்க முடியாது, வயிற்றெரிச்சல் புரிகிறது.

அதன் பிறகு 2025 பிப்ரவரியில் கம்பெனி ஐந்து படிகளை வகுத்து வெள்ளோட்டம் விட்டது. முதல் படி சும்மா அழகுக்காக அடுக்கிய கட்டு. இரண்டாவது, பெட்டியில் வரும் தயார்க் கட்டு அளவு. மூன்றாவது, அதைவிட மெருகேற்றியது. நாலாவது, தடைப் பட்டியல் தவிர வேறு கட்டுப்பாடு இல்லாத முழுப் பலம். ஐந்தாவது, போட்டிக்கென்றே கட்டியது. இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. நாலாம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் சீட்டுகளில் பெரிய வேறுபாடு கிடையாது. உட்காருகிறவனின் எண்ணத்தில்தான் வேறுபாடு. ஆக, எத்தனை பட்டியல் போட்டாலும் கடைசியில் நாலு பேர் முகம் பார்த்துப் பேசிக்கொள்வதைத் தவிர வழி இல்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது போல ஆயிற்று.

பேரனும் அந்த வழிக்கே வந்தான். மூன்று பேரையும் திரும்ப அழைக்க இரண்டு நாள் பிடித்தது. தன் பலமான கட்டைப் பையில் போட்டுவிட்டு, மீதியிருந்த கட்டுகளைப் பிரித்து நாலும் ஏறக்குறையச் சமமாக வரும்படி மறுபடி அடுக்கினான். யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டார்கள். அன்று மருந்துக்கடைப் பையன் வென்றான். பேரன் முதல் ஆளாக உயிரை விட்டுவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து மற்றவர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தான். தன் முழுத் திறமைக்கு ஈடு கொடுக்கும் ஆள் பெங்களூரில் இருக்கிறார்கள், அங்கே அந்தக் கட்டை எடுப்பேன் என்றான். சரியான பேச்சு.

ஊருக்குப் போகும்போது இரண்டு கட்டுகளை விட்டுப் போனான். என் கல்லாவுக்குக் கீழே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மதியம் பையன்கள் வந்து கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். கலைக்கும் முன் மூட்டைத் தொழிலாளியின் மகன் கேட்பது உள்ளே என் காதில் விழும்: "இன்னிக்கு சும்மாவா, சீரியஸா?"

நம் கடைக்கு வருவோம்

வணிக நண்பர்களே, இதில் நமக்குள்ள பங்கை மூன்று சொற்களில் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. வாசலில் தொங்கும் அந்தப் பொட்டலத்தை ஒரு பையன் வாங்கி, கடை வாசலிலேயே கிழித்து, வேண்டிய படம் இல்லை என்று தூக்கி எறிந்து, உடனே அடுத்தது கேட்டால், அவன் பொழுதுபோக்கும் ஆடவில்லை, போட்டியும் ஆடவில்லை. சுரண்டல் லாட்டரி ஆடுகிறான். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்யும் வரை நம் கடை வாசல்களில் சீட்டைச் சுரண்டிப் போட்ட குப்பையைக் கூட்டியவர்கள் நாம். அந்த முகங்கள் நமக்கு மறக்கக் கூடாது. மூன்றாவது பொட்டலம் கேட்கும் பையனிடம், "இருக்கறத வச்சு ஆடத் தெரியுமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பத்து ரூபாய் போனால் போகட்டும். விற்கும் சரக்கு அசலா, போலி அச்சா என்றும் பார்த்து வாங்குங்கள். இந்த வகையில் போலி நிறையப் புழங்குகிறது.

இரண்டு. விற்பதானால் பிரிக்காத பொட்டலத்தைவிட முழுக் கட்டாக வருவதை விற்பது நல்லது. நாலு பேர் நாலு கட்டு வாங்கினால் ஏறக்குறையச் சமமாக ஆடலாம். தொண்ணூறுகளில் குத்துச்சண்டை மாதிரி மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு பெட்டி பெட்டியாகப் போனதே, நினைவிருக்கிறதா? உயரம், எடை, ஜெயித்த சண்டை என்று கத்திக்கொண்டே ஆடுவார்கள். ஒரு பெட்டி வாங்கினால் தெருவுக்கே போதும். எவனும் பணத்தால் முந்த முடியாது. கடை ஓரத்தில் ஒரு பெஞ்சு போட்டுவிட்டால் பிள்ளைகள் வருவார்கள். பிள்ளைகள் வந்தால் கடலை மிட்டாயும் விற்கும். காசு வைத்து ஆடுவதை மட்டும் ஒருநாளும் அனுமதிக்க வேண்டாம். ரம்மி திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் இணையத்தில் பணம் கட்டி ஆடி எத்தனை குடும்பம் நாசமாயிற்று என்று பார்த்த பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதற்குத் தடைச் சட்டமே இயற்றியது. பெஞ்சின் மேல் காசு வந்துவிட்டால் இதுவரை நான் எழுதிய எதுவும் அங்கே செல்லாது.

மூன்று. இது நமக்கே. மொத்த வியாபாரி தன்னிடம் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரருக்கு எதிரிலேயே அதே விலைக்குக் கால் கிலோ, அரைக் கிலோ என்று விற்பது நம் தொழிலில் பழைய குறை. சட்டம் அதைத் தடுக்கவில்லை. விதிப்படிதான் விற்கிறோம். ஆனால் அவர் கையில் இருப்பது ஒரு கட்டு, நம் முதுகுக்குப் பின்னால் இருப்பது கிடங்கு. நானும் பல ஆண்டுகள் அப்படி விற்றவன்தான். ஒருவர் ஒருவராகச் சில்லறைக்காரர்கள் வேறு ஊருக்குப் போன பிறகே நிறுத்தினேன். வியாபாரத்தில் போட்டி வேண்டும். போட்டி இல்லாத கடைத்தெருவில் விலையும் இறங்காது, தராசும் நேராக நிற்காது. அந்தப் போட்டி யாரோடு, எந்த மேசையில் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதற்குத்தான் மாதாமாதம் சங்கக் கூட்டம். கூட்டத்துக்கு வராமலிருந்துவிட்டு, பிறகு கடைத்தெருவில் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் பயனில்லை.

அந்தச் சிவப்பு வெள்ளை அட்டை வீடு மாறியபோது எங்கோ தொலைந்துவிட்டது. இருந்திருந்தால் கொண்டு போய்க் கொடுத்திருப்பேன். இப்போது கையில் இருப்பது பேரன் விட்டுப்போன இரண்டு கட்டு. அந்த நண்பனுக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு என்று கேள்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். வந்தால், என்ன ஆட்டம் என்பதை இந்த முறை நானே முதலில் சொல்லிவிடுவேன்.